குதிகால் வலித்த கரடி

பாறைக் குன்றின் அடிவாரத்தில் மருதி என்ற கரடி தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. குட்டியின் பெயர் உருண்டை. பெயருக்கு ஏற்ற உடம்புதான். அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டால் லேசில் இறங்காது.

அந்தக் கோடையில் அடிவாரத்துப் புற்றுகளில் கறையான் தீர்ந்துபோனது. குன்றின் உச்சியில் மட்டும் புற்றுகள் நிறைய இருந்தன. அங்கே போக மண் பாதை கிடையாது, வெறும் பாறைதான். மருதி குட்டியைச் சுமந்துகொண்டு தினமும் அந்தப் பாறையில் ஏறி இறங்கியது.

ஒரு நாள் காலையில் மருதி குகையில் கண் விழித்தது. எழுந்து முதல் அடி வைத்தது.

"ஐயோ!"

வலது பின்னங்காலின் குதிகாலில் சுரீரென்று ஒரு வலி! நீளமான முள் ஒன்று அடியிலிருந்து மேலே ஏறியது போல இருந்தது. மருதி சட்டென்று உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தது. முள்ளும் இல்லை, காயமும் இல்லை.

நொண்டிக்கொண்டே குகையைவிட்டு வெளியே வந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் வலி குறைந்தது. புற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருந்த இடமே தெரியவில்லை.

'இது என்ன விசித்திரம்! ஓய்வு எடுத்தால் வருகிறது, நடந்தால் போகிறது. எல்லா வலியும் இதற்கு நேர்மாறாகத்தானே இருக்கும்?' என்று மருதி யோசித்தது.

மதியம் மர நிழலில் படுத்து எழுந்தது. மறுபடியும் அதே சுரீர்!

பக்கத்துப் பொந்தில் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி இருந்தது. மருதி அதனிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

"முள்தான் அக்கா! முள்ளைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? காலைக் காட்டு!" என்றது சிலும்பன்.

அது பாதத்தை முகர்ந்து பார்த்தது, தட்டிப் பார்த்தது. குதிகாலின் உட்பக்கம் ஓர் இடத்தை அழுத்தியதும் மருதி துள்ளியது.

"அங்கேதான்! ஆனால் முள் இருக்கிறதா?"

சிலும்பன் தலையைச் சொறிந்தது. "இல்லையே அக்கா. முள் இல்லாமல் முள் குத்துவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"

இதையெல்லாம் புதருக்குப் பின்னால் இருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் அக்கறையை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"மருதியம்மா, நடந்தால் வலி குறைகிறது என்றுதானே சொன்னீர்கள்? அப்படியானால் இன்னும் நடங்கள்! பாறை மேலேயே நடங்கள்! நிற்கவே நிற்காதீர்கள். வலி தானாக ஓடிவிடும்!"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மருதி அப்படியே செய்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதுகில் உருண்டை உல்லாசமாக உட்கார்ந்திருந்தது.

நாளாக ஆக, நடந்தாலும் வலி போகவில்லை. பொழுது சாயும்போது குதிகாலைத் தரையில் ஊன்றவே முடியவில்லை.

இதைக் கண்ட நரி நேராகச் சிறுத்தையிடம் ஓடியது.

"சிறுத்தையாரே! கரடிக் குட்டி உங்களுக்கு வேண்டுமா?"

"வேண்டும்தான். ஆனால் அதன் அம்மா பின்னங்காலில் எழுந்து நின்றாளானால் என் முகம் கிழிந்துவிடும்!"

"இனி அவளால் எழுந்து நிற்க முடியாது! குதிகால் போய்விட்டது. அத்திமரம் மறுபடி காய்க்கும் வரை பாறையில் நடக்கட்டும். பிறகு ஒரு விடியற்காலையில் வாருங்கள். தூங்கி எழும் நேரத்தில் ஓர் அடிகூட வைக்க மாட்டாள். குட்டி உங்களுக்கு, மிச்சம் எனக்கு!"

மருதிக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அதன் மனதுக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. நரி சொன்னபடி நடந்தும் வலி ஏன் கூடியது?

நொண்டியபடியே ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. திரும்பும்போது ஈர மணலில் பதிந்திருந்த தன் காலடிகளைப் பார்த்தது. குதிகால் பட்ட இடமெல்லாம் ஆழமான குழியாக இருந்தது.

"உருண்டை, கொஞ்சம் கீழே இறங்கு."

"மாட்டேன்!"

"இறங்கினால் ஒரு வேடிக்கை காட்டுகிறேன்."

வேடிக்கை என்றதும் உருண்டை இறங்கியது. மருதி அதே மணலில் மறுபடி நடந்து காட்டியது. இந்த முறை குழி அவ்வளவு ஆழம் இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த உருண்டையின் முகம் வாடியது.

"அம்மா, உனக்கு வலிப்பது என்னாலா?"

"உன்னால் மட்டும் இல்லையடா. அத்திப்பழம் தின்று தின்று வளர்த்தேனே என் தொந்தி, அதுவும்தான். இந்தப் பாறையும்தான். மணல் குழிந்து கொடுக்கிறது, பாறை கொடுக்குமா? மொத்த எடையையும் என் குதிகால்தான் வாங்குகிறது!"

மருதிக்குப் பாதி புரிந்தது. ஆனால் தூங்கி எழுந்ததும் ஏன் வலிக்கிறது? அதுதான் புரியவில்லை.

மறுநாள் காலையில் மருதி குகை வாசலில் உட்கார்ந்திருந்தது. எதிர்ப் புதரடியில் நரி தூங்கிக்கொண்டிருந்தது. வேவு பார்க்க வந்த இடத்தில் அசந்துவிட்டது போலும்! வெயில் பட்டதும் நரி விழித்தது. உடனே நடக்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்தது. பின்னங்கால்களை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்து விரல் நுனிவரை நீட்டியது. அதன் பிறகுதான் முதல் அடி வைத்தது.

மருதிக்கு வியப்பாக இருந்தது. "நரியாரே! எழுந்ததும் ஏன் காலை நீட்டி முறிக்கிறீர்?"

நரி திடுக்கிட்டது. "இது என்ன கேள்வி? எப்போதும் செய்வதுதான். செய்யாவிட்டால் கால் பிடித்துக்கொள்ளும்!" என்று உளறிவிட்டு ஓடிவிட்டது.

'கால் பிடித்துக்கொள்ளுமா?' மருதி உள்ளே போய் உருண்டை தூங்குவதைக் கவனித்தது. குட்டியின் பாதங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, உள்ளங்கால் மடங்கிச் சுருங்கிக் கிடந்தன. மருதி தன் பாதத்தை மடியில் வைத்து விரல்களை மேல்நோக்கி இழுத்துப் பார்த்தது. உள்ளங்காலின் தோலுக்கு அடியில், குதிகாலிலிருந்து விரல்வரை ஒரு பட்டை கொடி போல விறைத்து நின்றது.

"பிடிபட்டுவிட்டது!" என்று கத்தியது மருதி. சத்தம் கேட்டுச் சிலும்பன் ஓடி வந்தது.

"என்ன அக்கா, முள் அகப்பட்டதா?"

"முள் இல்லை, இந்தப் பட்டை! பகலெல்லாம் பாறையில் அடிபட்டுப் புண்ணாகிறது. இரவில் சுருங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் என் முழு எடையும் அதை வெடுக்கென்று இழுக்கிறது. கத்தாமல் என்ன செய்யும்? நடக்க நடக்க இளகுகிறது. அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நம்பி நான் இன்னும் நடந்தேன்!"

அன்றிலிருந்து மருதி பாறைப் பக்கமே போகவில்லை. ஓடை மணல் வழியாகப் போய்க் கிடைத்ததைத் தின்றது. உருண்டை முனகிக்கொண்டே பக்கத்தில் நடந்து வந்தது. காலையில் எழுவதற்கு முன்பே மருதி படுத்தபடி விரல்களைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்தது. பிறகு ஒரு மரத்தில் கையை ஊன்றி, காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் கெண்டைக்கால் சதையை நீட்டியது. மாலையில் ஓடையின் குளிர்ந்த நீரில் உட்கார்ந்து உருண்டைக் கல்லை உள்ளங்காலால் மெதுவாக உருட்டியது.

"என் பெயரில் ஒரு கல்லா!" என்று குட்டி சிரித்தது.

சிலும்பனுக்குத்தான் பொறுமை இல்லை. "இன்றைக்குப் போய்விட்டதா?" என்று தினமும் கேட்டது.

"இல்லை. ஆனால் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு."

"இவ்வளவு மெதுவாகவா குணமாகும்?"

"கெட்டுப்போனதும் மெதுவாகத்தானே, தம்பி!"

நடுவில் ஒரு நாள் கால் லேசாக இருக்கிறதே என்று மருதி ஆசைப்பட்டுப் பாறையில் ஏறித் தேனடை எடுத்துவிட்டது. மறுநாள் காலையில் வலி திரும்பி வந்தது. மருதிக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு மறுபடி விரல்களை இழுக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஆசைப்படவில்லை.

அத்திமரம் அடுத்த முறை காய்க்கத் தொடங்கியது. ஒரு விடியற்காலையில் சிறுத்தை வந்தது. மருதி மெதுவாக நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து ஏமாந்த நரி வழி காட்டியது. இரண்டும் குகை வாசலில் பதுங்கி எட்டிப் பார்த்தன. மருதி படுத்தபடியே காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா! வலி தாங்காமல் காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். பாயுங்கள்!" என்று நரி கிசுகிசுத்தது.

சிறுத்தை குட்டியை நோக்கிப் பாய்ந்தது. "அம்மா!" என்று உருண்டை அலறியது.

மருதி எழுந்தது. இரண்டு குதிகால்களையும் தரையில் அழுத்தி ஊன்றியது. பின்னங்கால்களில் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து குட்டிக்கு முன்னால் நின்றது. அது போட்ட சத்தத்தில் குகையே அதிர்ந்தது. ஓங்கிய கையின் நகங்கள் சிறுத்தையின் மூக்கைக் கீறின.

சிறுத்தை வந்த வேகத்தில் வெளியே விழுந்தது. "நிற்கவே மாட்டாள் என்றாயே!" என்று நரியின் மேல் சீறியது.

"நே... நேற்று வரை..."

"நேற்றா? இன்று உன் காலை உடைக்கிறேன் பார்!"

நரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. சிறுத்தை விரட்டிக்கொண்டே போனது. இரண்டும் அதற்குப் பிறகு அந்தக் குன்றுப் பக்கம் தலைகாட்டவில்லை.

சிலும்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "அக்கா! கால் வலிக்கவில்லையா?"

மருதி அப்போதுதான் தன் காலைப் பற்றி நினைத்தது. குதிகாலை மெல்ல ஊன்றிப் பார்த்தது. எடுத்துவிட்டு மறுபடி ஊன்றிப் பார்த்தது. பிறகு குட்டியை அணைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தது.

வலி எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டு, பொறுமையாக அதன் காரணத்தை மாற்றுபவரே முழுதாக நலம் பெறுவார்.