முள்ளாயி நட்ட பதினான்கு முட்கள்

ஒரு காட்டில் மரங்களெல்லாம் அநியாயத்துக்கு உயரம். உச்சிக் கிளையில் பழுத்த பழம் காம்பை விட்டுக் கிளம்பினால், தரைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியிலேயே அழுகிப் போகும். நம்பாத பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். மரம் உயரம்தான், விடுங்கள்.

அந்தக் காட்டில் முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு ஒரே குட்டி. அதன் முள் இன்னும் கெட்டிப்படவில்லை. தொட்டால் பூவைத் தொட்டதுபோல் இருக்கும். அதனால் பூமுள் என்று கூப்பிட்டாள்.

முள்ளாயிக்கு எதைக் கேட்டாலும் குழப்பம். இந்தக் கிழங்கைத் தின்னலாமா, கூடாதா? இன்றைக்கு மழை வருமா, வராதா? இதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். யாராவது "ஆம்" என்று சொன்னால், உடம்பை உதறி ஒரு முள்ளை எடுத்துத் தன் வளைக்கு வலப்பக்கம் நடுவாள். "இல்லை" என்று சொன்னால் இடப்பக்கம். எந்தப் பக்கம் முள் அதிகமோ அந்தப் பக்கம்தான் உண்மை. இப்படி நட்டு நட்டே முதுகில் பாதி வழுக்கையாகிவிட்டது. போனால் போகிறது, மனசுக்கு நிம்மதி கிடைத்ததே என்று இருந்தாள்.

அந்த வருஷக் கோடையில் குளம் வற்றிச் சேறும் பாசியுமாக நாறியது. அதைக் குடித்த மிருகங்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு கண்டது. ஒரு நாள் காலையில் பூமுள்ளுக்கும் வந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் ஐந்து தடவை போய்விட்டு, குட்டி சுருண்டு படுத்தது.

"அம்மா, தண்ணி" என்றது.

முள்ளாயி ஓடைக்குக் கிளம்பினாள். வளை வாசலிலேயே மைனா மறித்தது.

"எங்கே போகிறாய்? போக்கு நிற்கிறவரை தண்ணீரைக் கண்ணில் காட்டக்கூடாதாம். மேலே ஊற்ற ஊற்றத்தானே கீழே போகும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முள்ளாயி திரும்பி வந்து இடப்பக்கம் ஒரு முள் நட்டாள். சற்று நேரத்தில் அணில் வந்து அதையே சொன்னது. அப்புறம் மான், முயல், காட்டுப்பன்றி, இன்னும் வளைப்பக்கம் வந்தவர்கள் போனவர்கள் எல்லாம். கீரி தன் பெரியம்மா மேல் ஆணையாகச் சொன்னது. காட்டுக்கோழி எதுவும் கேட்காமலே இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனது. உச்சிப் பொழுதில் குரங்கும் வந்து சொன்னதும், இடப்பக்கம் பதினான்கு முட்கள் வேலி கட்டினதுபோல் நின்றன.

வலப்பக்கம் காலியாக இருந்தது. அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று முள்ளாயி ஆமைப் பாறைக்குப் போனாள்.

ஆமைப் பாறை என்பது அந்தக் காட்டின் வைத்திய அறிவிப்புப் பாறை. நோய்க்கு இன்னது செய் என்று யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். ஆனால் சொன்னவுடன் பாறையில் எழுதிவிட மாட்டார்கள். ஆமையக்கா வளை வளையாக, புதர் புதராகப் போய், யாருக்கு நோய் வந்தது, என்ன கொடுத்தார்கள், பிழைத்ததா இல்லையா என்று கேட்டு ஆளுக்கொரு கோடு கீறிக்கொண்டு வருவாள். பிறகு ஆந்தையார் அதில் ஓட்டை ஓட்டையாகக் குற்றம் கண்டுபிடிப்பார். இந்த வேலைக்கு ஆந்தையாரை வைத்ததற்குக் காரணம் உண்டு. பகலில் அவருக்கு யார் முகமும் சரியாகத் தெரியாது. அதனால் முகதாட்சண்யம் பார்க்க வழியில்லை. அவர் சொன்ன குற்றங்களில் பதில் இல்லாதது ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் ஆமையக்கா பாறையில் நகம் வைப்பாள்.

அன்றைக்குப் பாறையில், "வயிற்றுப்போக்குக்கு ஓடுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு" என்று இருந்தது. அதில் "ஓடுகிற" என்ற இடத்தில் மட்டும் முன்பு எதையோ எழுதி அழித்த தடம் தெரிந்தது.

முள்ளாயி அந்தத் தடத்தை முகர்ந்து பார்த்தாள். என்ன அழித்தீர்கள் என்று விசாரித்தாள். முதலில் வெறுமனே தண்ணீர் கொடு என்றுதான் எழுதியிருந்தோம், குளத்துத் தண்ணீரைக் கொடுத்த நான்கு வீட்டில் மறுபடியும் நோய் வந்தது, அதனால் நேற்று மாற்றினோம் என்றாள் ஆமையக்கா.

"அப்படியானால் நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றா?" என்று கேட்டாள் முள்ளாயி.

"தப்பு என்று தெரிந்த பிறகும் விட்டுவைக்கச் சொல்கிறாயா?"

அதற்குள் மேலே பொந்திலிருந்து ஆந்தையார், "ஓடுகிற தண்ணீர் என்றால் எந்த ஓடை? மேற்கு ஓடையில் செத்த எலி கிடக்கிறது என்கிறார்கள். அதைப் பார்த்தாயா?" என்று ஆமையக்காவைப் பிடித்துக்கொண்டார். இன்னும் பார்க்கவில்லை என்று அவள் ஒப்புக்கொண்டாள். அப்புறம் என்ன பெரிய எழுத்து என்றார் அவர். இரண்டு பேரும் முள்ளாயியை மறந்துவிட்டு வாதாடத் தொடங்கினார்கள்.

முள்ளாயிக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தாள். மைனா அழிக்கவில்லை, அணில் மாற்றவில்லை, கீரி சண்டை போடவில்லை. பதினான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பாறைக்காரர்கள் இரண்டே பேர், அவர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. வலப்பக்கம் இரண்டு முள் நட்டாள். இரண்டு பெரிதா, பதினான்கு பெரிதா?

அன்று முழுவதும் குட்டிக்கு அவள் தண்ணீர் கொடுக்கவில்லை. "தண்ணி, தண்ணி" என்று பூமுள் முனகிக்கொண்டே இருந்தது. முள்ளாயி காதை மண்ணில் புதைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் விடிந்தபோது குட்டி தண்ணீர் கேட்கவில்லை. நோய் தணிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து முள்ளாயி கிட்டே போனாள். கண் உள்ளே போயிருந்தது. நாக்கு காய்ந்த சருகுபோல் ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

அவள் ஓடிய ஓட்டத்தில் மிச்சமிருந்த முள்ளில் பாதி வழியில் உதிர்ந்தது. ஆமைப் பாறைக்குப் போய், பொந்தைப் பார்த்துக் கத்தினாள். பதினான்கு பேர் ஒன்று சொல்கிறார்கள், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், என் குட்டி போய்க்கொண்டிருக்கிறது, நான் யாரை நம்புவது என்று கேட்டாள்.

ஆந்தையார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "முதலில் போய்க் கிழக்கு ஓடைத் தண்ணீரைக் கொடு. சண்டையை அப்புறம் போடலாம்."

"பதினான்கு பேர் ஐயா."

"அந்தப் பதினான்கு பேரில் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்?"

அதை அவள் ஒருவரிடமும் கேட்கவில்லை.

தண்ணீருக்குப் போகிறதா, கேட்கப் போகிறதா? கால் இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில், கேட்டுவிட்டே போகலாம், எல்லாரும் வழியில்தானே இருக்கிறார்கள் என்று ஓடினாள். முயல், மைனா சொல்லிக் கேட்டதாகச் சொன்னது. காட்டுப்பன்றியும் மைனாவைத்தான் கை காட்டியது. காட்டுக்கோழி, கீரி, மான், இன்னும் வழியில் அகப்பட்ட அத்தனை பேரும் மைனா என்றார்கள். மைனாவோ அணில் சொன்னது என்றது. குரங்கு மட்டும் மரத்தின் மேலிருந்து சிரித்தது.

"என்னிடம் வந்து கேட்கிறாயே முள்ளாயி. உன் வாசலைப் பார்த்துத்தான் நானே நம்பினேன். பதிமூன்று முள் நின்றதே."

முள்ளாயிக்கு ஒரு கணம் எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் பூமி என்றே புரியவில்லை. அவள் நட்ட முள்ளைப் பார்த்துக் குரங்கு நம்பியது. அது நம்பினதைப் பார்த்து அவள் பதினான்காவது முள்ளை நட்டாள்.

மிச்சம் இருந்தது அணில் ஒன்றுதான். அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு, தான் கரடியார் வாயால் நேராகக் கேட்டதாகச் சொன்னது. கரடியார் பெரிய ஆள். அவர் தும்மினால் அடுத்த மலையில் இலை உதிரும். அவர் பொய் சொல்வாரா?

முள்ளாயி ஆமைப் பாறைக்கே திரும்பி ஓடினாள். கரடியார் பாறைக்குப் பக்கத்திலேயே முதுகைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தன் நோயைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். கூப்பிட்ட உடனே பாறைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆமாம். எனக்குக் கண்டது. மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். இதோ பார், கல்லுப்போல் இருக்கிறேன்" என்றார்.

முள்ளாயி ஆந்தையாரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணால் கண்ட சாட்சி வந்தாயிற்று, இனி என்ன சொல்லப் போகிறீர் என்பதுபோல் பார்த்தாள்.

"மூன்று நாளும் எங்கே படுத்திருந்தீர்?" என்றார் ஆந்தையார்.

"அருவிக்குப் பின்னால் இருக்கிற என் குகையில்."

"என்ன தின்றீர்?"

"நோயாளி என்ன தின்பான்? ஒன்றும் தின்னவில்லை. நாவல்பழம் மட்டும்தான். இரண்டு மரம்."

"அப்புறம்?"

"அப்புறம் சும்மா படுத்துக்கொண்டு, குகைச் சுவரில் கசிகிறதை நக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. நன்றாகவே இருந்தது."

"சுவரில் கசிந்தது என்ன?"

கரடியார் அருவி இருந்த திசையைப் பார்த்தார். நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "தண்ணீர்தான்" என்றார்.

கரடியாருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. ஓடைக்கு நடந்து போய்க் குனிந்து குடித்தால்தான் தன் கணக்கில் வரும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், மற்றபடி நான் யாருக்கும் வைத்தியம் சொல்லவில்லை, அணிலிடம் என் கதையைத்தான் சொன்னேன் என்று முணுமுணுத்தார்.

"அவர் நிஜமாகவே குடிக்காமல் பிழைத்திருந்தாலும் அது ஒரு கரடி" என்றாள் ஆமையக்கா. "நான் இதுவரை இருபத்தேழு வீடு போய்விட்டேன். தண்ணீர் கொடுத்தது இருபத்திரண்டு வீடு. மறுபடி நோய் வந்த அந்த நான்கும் சேர்த்து இருபத்திரண்டும் எழுந்துவிட்டன. கொடுக்காதது ஐந்து வீடு. அதில் எழுந்தது இரண்டு."

மற்ற மூன்றைப் பற்றி முள்ளாயி கேட்கவில்லை. அதற்குள் அவள் கிழக்கு ஓடைக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.

வாய் நிறையத் தண்ணீரை ஏந்திக்கொண்டு வந்து குட்டியின் உதட்டில் விட்டாள். முதல் வாய்த் தண்ணீர் அப்படியே கன்னத்தில் வழிந்து மண்ணில் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது தடவை தொண்டை ஒரு முறை அசைந்தது. முள்ளாயி மறுபடி ஓடினாள். அன்று அவள் எத்தனை தடவை ஓடினாள் என்பதற்குக் கணக்கில்லை. ஓடையே ஒரு சாண் இறங்கிவிட்டது என்று கரையில் இருந்த நண்டுகள் புகார் சொல்லின. பொழுது சாய்கிற நேரத்தில் பூமுள் கண்ணைத் திறந்து, "இன்னும்" என்றது.

மூன்றாம் நாள் குட்டி நான்கு காலையும் ஊன்றி நின்றது.

முள்ளாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு ஆமைப் பாறைக்கு வந்தாள். இனிமேல் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை, இதோ என் குட்டியே சாட்சி, பாறையில் இருக்கிற எழுத்தை இனி ஒரு நாளும் அழிக்க வேண்டாம் என்றாள்.

ஆமையக்கா மெல்லத் தலையை வெளியே நீட்டினாள். எந்த ஓடைத் தண்ணீர், எத்தனை தடவை, எத்தனை நாள், கூட வேறு ஏதாவது கொடுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் நாள் கொடுக்கவில்லை என்பதையும் கேட்டு வாங்கினாள். முள்ளாயி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, இருபத்திரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் ஆமையக்கா இன்னும் ஒரு கோடு கீறினாள்.

முள்ளாயி காத்திருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

"என் குட்டி செத்துப் பிழைத்திருக்கிறது. அதற்கு ஒரே ஒரு கோடா?"

"கரடியாருக்கும் ஒன்றுதான்" என்றார் ஆந்தையார் பொந்துக்குள்ளிருந்து.

கோபப்படுவதா, ஒப்புக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று. எல்லாம் ஒரே நீளம். கடைசிக் கோடு மட்டும் புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது. பூமுள் அதன்மேல் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, தாகமாக இருக்கிறது என்று அம்மாவின் காலை இடித்தது. இருவரும் கிழக்கு ஓடைப் பக்கம் நடந்தார்கள்.

நீதி: ஒரு செய்தியை எத்தனை வாய் சொல்கிறது என்று எண்ணாதே, அது எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார்கள் என்று கேள்.