நானூற்றுப் பன்னிரண்டு பச்சை

மணி நாலு நாற்பது. ஐந்துக்கு மென்பொருள் கிளம்பியாக வேண்டும். நூறு ஆம்புலன்ஸ்களில் அது ஏறப்போகிறது. வண்டிக்குள் கிடக்கிற நோயாளியின் முகமும் முனகலும் அதன் வழியாகத்தான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குப் போய்ச் சேரும்.

சீடர் பாண்டிக்கோவனுக்கு வயது நாற்பத்தாறு. குரு மெஹருன்னிசாவுக்கு முப்பது. அந்த மென்பொருளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் வித்தையைக் கற்க அவரிடம் வந்து சேர்ந்து ஆறு மாதம். இவர் "குருவே" என்பார். அவர் "அண்ணே" என்பார்.

"குருவே, நானூத்திப் பன்னிரண்டு சோதனையும் பச்சை!"

"காலையில ஒன்னு சிவப்பா இருந்துச்சே அண்ணே. உதடு அசைஞ்சு முடிஞ்ச பிறகு குரல் வருதுன்னு."

"அதையும் பச்சையாக்கிட்டேன்ல!"

"எப்படி?"

ஒவ்வொரு சோதனையும் ஒரு படத்துணுக்கை ஓட்டிப் பார்க்கும். சேமித்து வைத்த மாதிரியோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான்.

"மாதிரி பழசாப் போச்சு குருவே. பழசை அழிச்சிட்டு இப்ப வர்றதையே புது மாதிரியா வெச்சுக்கன்னு ஒரு கட்டளை இருக்குல்ல? மத்தியானம் அதைத் தட்டினேன். டக்குனு பச்சை."

"பழசாப் போச்சுன்னு யாரு சொன்னது?"

"அதான் சிவப்பு வந்துச்சே!"

போன் அலறியது. மேலாளர். "என்னய்யா, ஆச்சா? ஆச்சா? ஆச்சான்னு கேக்கறேன்ல?"

"இதோ சார், பத்தே நிமிஷம்" என்றார் பாண்டிக்கோவன்.

குரு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். மென்பொருளின் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினார். திருப்பித் தள்ளினார்.

"உங்க கட்டளையைத் தட்டுங்க அண்ணே."

தட்டினார்.

"சோதனையை ஓட்டுங்க."

ஓட்டினார். திரையில் மளமளவென்று நானூற்றுப் பன்னிரண்டு பச்சை.

"பாத்தீங்களா!"

"ஒரு படம் போடுங்க."

போட்டார். திரை கன்னங்கரேல் என்று நின்றது. சத்தமும் இல்லை. பாண்டிக்கோவன் ஒலியைக் கூட்டினார். குனிந்து பின்னால் இருந்த ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

"ஒன்னுமே வரலியே குருவே."

"வராது. படத்தையும் சத்தத்தையும் நான் நிறுத்திட்டேன்."

"ஆனா எல்லாம் பச்சை..."

"பச்சைதானே? அனுப்புங்க."

"குருவே..."

"மணி நாலு அம்பத்தெட்டு அண்ணே. அனுப்புங்க."

விரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. போன் மறுபடி அலறியது.

"ஆச்சா?"

பாண்டிக்கோவன் கையை இழுத்துக்கொண்டார். "இல்ல சார். இன்னைக்குப் போகாது."

அந்தப் பக்கம் போட்ட சத்தத்துக்குப் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடங்கியதும் கீழே வைத்தார். குருவைப் பார்க்கவில்லை.

"இனிமே எதை வெச்சு ஒப்பிடறது குருவே?"

"மத்தியானம் அழிச்சீங்களே அண்ணே, அதை வெச்சு."