வெயில் இறைத்த தண்ணீர்

காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. ஏழும் சேர்ந்துதான் திரியும், ஏழும் ஒரே நேரத்தில்தான் பேசும். ஒன்று தும்மினால்கூட மற்ற ஆறும் "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கூடிவிடும். அதில் ஒருத்திக்கு மஞ்சமூக்கி என்று பேர். அந்தக் கோடையில் அவளுக்கு மூன்று குஞ்சுகள். அப்போதுதான் கூட்டைவிட்டு இறங்கிக் கிளைக்குக் கிளை தத்த ஆரம்பித்திருந்தன.

பொல்லாத கோடை அது! ஓடை வற்றி வெறும் மணலாகிவிட்டது. குட்டைச் சேறு காய்ந்து வெடித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிமெண்டுத் தொட்டி. காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் இறக்கி, பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் எட்டுக் கறுப்புப் பலகைகளைச் சாய்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் கம்பி எதுவும் கிடையாது. வெயில் ஏறினால் மோட்டார் உர்ரென்று உறுமும், குழாயில் தண்ணீர் கொட்டும். வெயில் இறங்கினால் நின்றுவிடும்.

நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கட்டினவர்கள் யானையையும் கடமானையும் மட்டும் மனதில் வைத்துக் கட்டிவிட்டார்கள். சுவர் உயரம். உள்பக்கம் வழவழப்பு. முயலுக்கு எட்டாது, ஆமைக்கு எட்டவே எட்டாது. குருவிகள் விளிம்பில் போய் உட்காரலாம். தண்ணீர் ஒரு முழம் கீழே கிடக்கும், பார்த்துவிட்டு வரலாம்.

குழாய் மூட்டிலிருந்து சொட்டிச் சொட்டிக் கீழே கொஞ்சம் ஈரம் தேங்கியிருந்தது. அதிலாவது அலகை நனைக்கலாம் என்றால், ஒரு காட்டுப்பன்றி காலையில் வந்து படுத்தால் பொழுது சாய்கிறவரை எழுந்திருக்காது.

தினமும் ஒரு யானை தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க வரும். மஞ்சமூக்கி ஒரு நாள் அதன் முன்னால் போய் நின்று கத்தினாள்.

"யானையக்கா! போகும்போது கொஞ்சம் கீழே ஊத்திட்டுப் போங்களேன்! பிள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு!"

யானைக்கு அவசரம். குட்டி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் சொன்னது பன்றிதான்.

"எட்டுறவங்க குடிக்கிறாங்க! எட்டாதவங்க ஏரிக்குப் போங்க!"

"ஏரி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு, பன்றியண்ணே! என் பிள்ளைங்களுக்கு இன்னும் பறக்கவே தெரியாதே!"

"அது உன் பாடு!" என்று பன்றி புரண்டு படுத்தது.

மறுநாள் மூத்த குஞ்சு தாகம் பொறுக்காமல் குழாய்மேல் தத்தித் தத்தித் தொட்டி விளிம்பில் ஏறிக் குனிந்தது. கால் வழுக்கிவிட்டது. ஏழு குருவிகளும் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. வழவழப்பான சுவரில் ஏறக் குஞ்சால் முடியவில்லை. தூக்கிவிட இவர்களாலும் முடியவில்லை. சொல்லவே மனசு கனக்கிறது. சாயங்காலம் யானை வந்து, எதுவும் தெரியாமல், அதே தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

அதன் பிறகு மஞ்சமூக்கி மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் தொட்டிப் பக்கமே விடவில்லை. பகல் முழுக்கக் கறுப்புப் பலகைகளுக்கு அடியில் நிழலில் வைத்துக்கொண்டாள். யானை குடித்துவிட்டுப் போனதும் சுவரில் வழியும் நாலு சொட்டைக் கொத்திக்கொண்டு வந்து ஊட்டுவாள். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த தண்ணீர்.

நிழலில் உட்கார்ந்தே கிடந்ததால் குருவிகள் ஒன்றைக் கவனித்தன. மேகம் வந்து பலகைகளை மறைத்தால் மோட்டார் சத்தம் இளைக்கும். குரங்கு பலகைமேல் ஏறிப் படுத்தாலும் இளைக்கும். அதை விரட்டிவிட்டால் மறுபடி உறுமும். ஏழும் இதைப் பற்றி ஒரு வாரம் பேசின. அவற்றுக்குப் பேச விஷயம் கிடைத்தால் போதுமே!

ஒரு நாள் உச்சிவெயிலில் யானை வயிறு நிறையக் குடித்துவிட்டு நிமிர்ந்தது. அதன் கண்ணில் பலகைகள் பட்டன. வெயிலில் தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"அட பாவமே! நமக்குத் தண்ணி குடுக்கிற புண்ணியவான்கள் இப்படி வெயில்ல வேகுறாங்களே! ஒருத்தருக்கும் அக்கறை இல்லையா?" என்றது யானை.

யானைக்கு வெயில் என்றால் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். குட்டிக்கும் போட்டுவிடும். தும்பிக்கை நிறையச் செம்மண்ணை அள்ளி, எட்டுப் பலகைகள் மேலும் ஒரு இடம் விடாமல் தூவியது. "இப்ப குளுகுளுன்னு இருக்குமே, கண்ணுங்களா!" என்று சொல்லிவிட்டுப் போனது. பிரியம்தான், பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் மோட்டார் முனகியது. அதற்கு மறுநாள் முனகவும் இல்லை. நாலாம் நாள் தொட்டியில் தரை தெரிந்தது.

குட்டி யானை தொட்டிக்குள் தலையை விட்டு ஈரச் சிமெண்டை நக்கியது. அதற்கு நடக்கத் தெம்பில்லை. மலையேறி ஏரிக்குப் போவதாவது! தாய் யானை தவித்துப்போய் அங்கும் இங்கும் நடந்தது. சொட்டு ஈரமும் காய்ந்ததால் பன்றியும் எழுந்து வந்துவிட்டது.

"குழாய்க்குள்ள ஏதோ அடைச்சிருக்கு! நான் சொல்றேன், பிடுங்கிப் பாத்துடலாம்!" என்றது பன்றி.

யானை குழாயைத் தும்பிக்கையால் சுற்றிப் பிடித்தது. ஒரு இழு இழுத்தால் போதும், அப்புறம் அந்தத் தொட்டிக்குத் தண்ணீரே கிடையாது.

மஞ்சமூக்கி பதறி எழுந்தாள். பக்கத்தில் இருந்த அக்கா குருவி தடுத்தாள்.

"நீ ஏன்டி துடிக்கிற? பிடுங்கட்டும்! நம்ம பிள்ளை செத்தப்போ இவங்க என்னன்னு கேட்டாங்களா?"

மஞ்சமூக்கிக்கும் அந்தக் கோபம் இருந்தது. நெஞ்சு முழுக்க இருந்தது. ஆனால் சிமெண்டை நக்கிக்கொண்டிருந்த குட்டி யானையைப் பார்த்தாள். தன் இரண்டு குஞ்சுகளையும் பார்த்தாள். மூன்றுக்கும் வாய் ஒரே மாதிரி பிளந்திருந்தது. பறந்து போய் யானையின் காதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"விடுங்க, யானையக்கா! குழாய்ல ஒண்ணும் இல்ல! பலகையில வெயில் விழணும்! வெயில்தான் தண்ணி இறைக்குது! நீங்க மண்ணைப் போட்டு மூடிட்டீங்க!"

பன்றி உருண்டு உருண்டு சிரித்தது. "வெயில் தண்ணி குடுக்குதாம்! எங்க பாட்டன் காலத்துலேருந்து வெயில் தண்ணியைக் குடிச்சுத்தான் பாத்திருக்கோம்! ஓடையைக் குடிச்சுது, குட்டையைக் குடிச்சுது! இந்தக் குருவிக்கு மட்டும் குடுக்குதாம்!"

கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் யானை சிரிக்கவில்லை. குழாயைப் பிடித்தபடியே யோசித்தது.

"நான் மண்ணு போட்ட மறுநாள்தான் சத்தம் குறைஞ்சுது" என்றது மெதுவாக. பிடியைத் தளர்த்தியது. "எத்தனை நாளா உனக்கு இது தெரியும்?"

"என் பிள்ளை உங்க தொட்டியில விழுந்து செத்த நாள்லேருந்து தெரியும்!"

யானை திடுக்கிட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"அதுக்கு முந்தியே தண்ணி கேட்டுக் காலடியில நின்னு கத்தினேன்! அவ்வளவு பெரிய காதை வச்சிருக்கீங்க, கேட்டாத்தானே!"

யானை குழாயை விட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. அவசர அவசரமாகப் போய்ப் பலகையைத் தும்பிக்கையால் துடைத்தது. 'சடக்' என்று ஓரத்தில் பலகையின் கண்ணாடி விரிசல் விட்டது. ஐயோ என்று பின்வாங்கியது.

"உங்க கைக்கு ஆகாது, தள்ளுங்க" என்றாள் மஞ்சமூக்கி. "ஆனா ஒண்ணு கேக்கறேன். தண்ணி வந்தா எங்களுக்கு எட்டுமா?"

"எட்டாது!" என்றது பன்றி.

"எட்டும்" என்றது யானை.

தவிட்டுக்குருவிகளுக்கு மண்ணில் குளிக்கிற பழக்கம் உண்டு. தரையில் படுத்து, இறகைப் படபடவென்று அடித்து, மண்ணை நாலாபக்கமும் வாரி இறைக்கும். ஏழும் பலகைமேல் ஏறி அதைத்தான் செய்தன. பலகை கொதித்தது. கால் சுட்டுக் கத்திக்கொண்டு ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறியது. சரிவில் ஒன்று சறுக்கி விழுந்தது. மற்ற ஆறும் "என்ன ஆச்சு?" என்று வேலையை விட்டுவிட்டு வந்தன. மஞ்சமூக்கி அதட்டி மேலே அனுப்பினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆறாவது பலகை தெரிந்தபோது மோட்டார் முனகியது. எட்டாவது தெரிந்ததும் உர்ரென்று உறுமியது.

குழாய் இருமியது, துப்பியது, அப்புறம் கொட்டியது!

யானை முதலில் குட்டிக்குக் கொடுத்தது. பிறகு தானும் உறிஞ்சியது. ஒரு தும்பிக்கை, இரண்டு, மூன்று. மஞ்சமூக்கி எண்ணிக்கொண்டே இருந்தாள். யானை திரும்பியது. தொட்டியை விட்டுப் பத்தடி நடந்தது. 

"நான் சொல்லல?" என்றாள் அக்கா.

பன்றி படுத்துப் படுத்து இளகிப்போன மண் அங்கே இருந்தது. யானை அதன்மேல் நின்று ஒரு காலை ஊன்றி அழுத்தியது. அடுத்த காலையும் அழுத்தியது. நான்கு காலாலும் நான்கு ஆழமான பள்ளம். பிறகு தொட்டிக்குப் போய்த் தும்பிக்கை நிறைய மொண்டு வந்து ஒவ்வொன்றிலும் ஊற்றியது.

பன்றி ஆசையாக எழுந்து வந்தது. யானை அதன் முன்னால் ஐந்தாவது பள்ளத்துக்காகக் காலைத் தூக்கியது. பன்றி அடுத்த பக்கமாகப் போய்விட்டது.

"எட்டுதா பார்" என்றது யானை.

இரண்டு குஞ்சுகளும் தத்தித் தத்தி வந்து, குனிந்து, அலகை நனைத்து, தலையைத் தூக்கி விழுங்கின. வழுக்கவில்லை. யானையின் காலடியில் முயல் குடித்தது, ஆமை குடித்தது. மஞ்சமூக்கி செத்துப்போன மூத்த குஞ்சை நினைத்து அழுதாள். யானை அவள் குடித்து முடிக்கிறவரை அங்கேயே நின்றது.

அன்றிலிருந்து பலகைமேல் தூசி படியும்போதெல்லாம் குருவிகள் அங்கே ஏறி மண்குளியல் போட்டன; யானை குடித்து முடிக்கும்போதெல்லாம் காலடிக் குழிகளில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது. ஒரு மாதம் கழித்து வந்த காக்கிச் சட்டைக்காரர்கள் பலகைகள் பளபளப்பதைப் பார்த்து "யாருப்பா துடைச்சது?" என்று தலையைச் சொறிந்தார்கள். தண்ணீர் நின்ற குழிகளையும், ஓரமெல்லாம் இருந்த குருவிக் கால் தடங்களையும் குனிந்து பார்த்தார்கள். அடுத்த முறை வந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னத் தொட்டி கட்டினார்கள்.

வெயில் எல்லார் தலையிலும்தான் காய்கிறது; அது தருகிற நன்மையும் எட்டாதவர் வாய்வரை எட்டினால்தான் எல்லாருக்கும் நிலைக்கும்.