பதினான்கு நகல்களும் ஒரு பெட்டியும்

குரு என்று கூப்பிட்டால் ஹெப்சிக்குக் கோபம் வரும். டீச்சர் என்றால் பொறுத்துக்கொள்வாள். முப்பத்தெட்டு வயதுக்காரியை ஐம்பத்தொரு வயது ஆவுடையப்பன் அப்படித்தான் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

பாளையங்கோட்டையில், பைக் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஸ்டூடியோ. பதிவான பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது அவள் தொழில். அந்த வருஷம் மட்டும் நாற்பத்து மூன்று கோயில் கொடை விழாப் பாட்டுத் தொகுப்புகள் முடித்திருந்தாள். உறுமியும் நாதஸ்வரமும் தின்றது போக மிச்சமிருந்த காதைச் சீடருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இதைப் படிக்க வந்தவர். வந்து மூன்று வருஷமாகிறது. பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"டீச்சர், பதினாலு கம்ப்ரஸர் வச்சிருக்கேன். எல்லாம் ஒரே பழைய பெட்டியோட நகல். இதுல எது அசலுக்குக் கிட்ட?"

கம்ப்ரஸர் என்றால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உறுமுகிற சாமான் அல்ல. பாடுகிறவர் குரலை உயர்த்தினால் இது அமுக்கும், பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடும், உரக்கப் பாடியதும் மெல்லப் பாடியதும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் அது இரும்புப் பெட்டி. இப்போது அந்தப் பெட்டிகளைக் கணினிக்குள் நகலெடுத்து விற்கிறார்கள். திரையில் திருகாணி, கீறல், துரு, அமுக்குகிற அளவைக் காட்டி ஆடும் ஊசி வரைக்கும் வரைந்திருப்பார்கள். பழைய பெட்டியின் இரைச்சலும் வேண்டுமா என்று கேட்க ஒரு சுவிட்ச் உண்டு. ஆவுடையப்பன் அதையும் போட்டு வைத்திருந்தார்.

ஹெப்சி கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "யாரு பாட்டுக்கு அண்ணாச்சி?"

"உலகு பாட்டுக்குத்தான்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

உலகு என்பது உலகம்மாள், அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். மகளைக் கல்யாணம் பண்ணி அனுப்பிய அன்றைக்கு அவளே கட்டிய ஒரு பாட்டு இருந்தது. அதை இந்த அறையில்தான் ஒரே மூச்சில் பாடிப் பதிந்தாள். அதற்கு அடுத்த வாரம் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. வரும் திங்கட்கிழமை ஆபரேஷன். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் பழையபடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு தடவை தன் பாட்டைச் சரியாகக் கேட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் உலகம்மாளின் ஆசை. அன்று வெள்ளிக்கிழமை.

"எத்தனை தடவை போட்டுக் காட்டுனீங்க?"

"பதினோரு தடவை. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். இது நான் இல்லைங்கா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"அவளுக்கு என்ன டீச்சர் தெரியும் இதைப் பத்தி? நகல் நகல்தான். அசல் பெட்டி வழியா போனா குரல் தானா வந்து நிக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹெப்சி அதைச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்திருந்தது.

மூலையில் அந்த அசல் இருந்தது. சாம்பல் நிறத்தில், டிரங்குப் பெட்டி கனத்தில். சென்னையில் ஏதோ ஒரு ஸ்டூடியோவை மூடியபோது அவள் தூக்கிக்கொண்டு வந்தது. ஆவுடையப்பன் வரும்போதும் போகும்போதும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவை டீச்சர். அவளுக்காக."

ஹெப்சி எழுந்து போய்ப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அந்தப் பதினாலையும் எடுத்துருங்க. இரைச்சலையும்தான்."

மனிதர் ஒவ்வொன்றாக எடுத்தார். சொந்தக்காரர்களை ரயிலேற்றுகிற முகம் அவருக்கு.

"இருபது நிமிஷம் சூடாகட்டும்" என்றாள். அவர் இருபது நிமிஷமும் விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயர் வேலையை டீச்சர் பார்த்திருப்பாள் என்பது அவர் நினைப்பு. பாட்டைப் போட்டதும் சொன்னார்.

"ஊசி ஆட மாட்டேங்கு டீச்சர்."

"அது போய் ரொம்ப நாளாச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். பெட்டியின் குமிழை இடப்பக்கம் மயிரிழை திருப்பினார். தலையசைத்தார். வலப்பக்கம் திருப்பினார். முகம் சுளித்தார். திரும்ப இடப்பக்கம் வந்தார். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி, மறுபடி முதலிலிருந்து. நாற்பது நிமிஷம் போயிற்று. கடைசி அடிக்கு வந்தபோது அவர் கை குமிழிலேயே நின்றுவிட்டது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"பாத்தீங்களா டீச்சர். கடைசியில அவ குரல் அப்படியே கரையுது. நகல் ஒண்ணுலயும் இது வரலை. பெட்டிக்குத் தெரியுது, எங்க விடணும்னு."

"கூப்பிடுங்க அவங்களை" என்றாள் ஹெப்சி.

உலகம்மாள் படியேறி வந்தாள். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். பன்னிரண்டாவது தடவை என்பதால் முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

பாட்டு ஓடியது. மகள் பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். பஸ் கிளம்புகிறது. கடைசி அடியில் மகள் ஜன்னலிலிருந்து சொல்கிறாள், "போயிட்டு வாரேன்மா." அந்த அடி மெலிந்து, தூரமாகி, நின்றது.

உலகம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதான்" என்றாள். "இது நான்தான்."

ஆவுடையப்பன் பெருமையோடு பெட்டியைப் பார்த்தார்.

"அந்தக் கடைசி வரிக்கு நான் மைக்கை விட்டு ரெண்டு எட்டு தள்ளில்லா போனேன். பஸ்ஸு போவுதுல்லா. நீங்க ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்ப இழுத்துட்டு வந்தீய. பஸ் ஏறிப் போனவ என் காதுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டுப் போயிட்டு வாரேங்கா."

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"பதினோரு தடவையும் சொன்னேன். நீங்க அந்த ஊசியைப் பாத்துக்கிட்டு இருந்தீய."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே. "ஏம்மா, ஃபிளாஸ்க்ல டீ இருக்கா?" என்று ஹெப்சியிடம் கேட்டு, ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு காற்று வாங்க மாடிப்படிக்குப் போனாள்.

கதவு சாத்தியதும் ஆவுடையப்பன் எழுந்து ஹெப்சியின் காலைத் தொடக் குனிந்தார். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"அங்க குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க, பெட்டிக்குப் பின்னாடியும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். கரண்ட் வயர் ஒன்று சுவருக்குப் போயிருந்தது. குரல் போகிற வயரும் வருகிற வயரும் ஆணியில் சுருட்டித் தொங்கின. அவற்றின் மேல் ஒட்டடை படிந்திருந்தது.

வெகு நேரம் அவர் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

"இதுல எதுவுமே போகலியா?"

"விளக்கு மட்டும்தான் எரியும். பாட வர்றவங்க அதைப் பாத்தா சந்தோஷப்படுறாங்க."

"நான் திருப்பினேனே டீச்சர். ஒவ்வொரு திருப்புக்கும் எனக்கு வித்தியாசம் கேட்டுதே."

"எனக்கும் கேட்டுது."

"உங்களுக்குமா?"

"வெள்ளையடிக்க வந்தவங்க வயரைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியாது. தினமும் திருப்புனேன். இந்தப் பாட்டுக்கு இவ்வளவு, அந்தப் பாட்டுக்கு அவ்வளவுன்னு நோட்டுல எழுதிக்கூட வச்சேன். ஆறு மாசம் அண்ணாச்சி. உங்களுக்கு நாப்பது நிமிஷம்தான்."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். பாட்டிலிருந்து எடுத்த பதினான்கு நகல்களும் திரை ஓரத்தில் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் துரு, எல்லாவற்றிலும் ஊசி.

"மூணு வருஷம்" என்றார். கீழே கடையில் யாரோ ஒரு ஹாரனை வாங்குவதற்கு முன்னால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். ஹெப்சி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அது ஓய்ந்ததும் எடுத்தாள்.

பழக்கம் சும்மா விடுமா? போகிறவர் கதவருகே நின்று திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். தெரிஞ்சு வச்சுக்கத்தான் கேக்கேன். இந்தப் பதினாலுல எதுதான் அசலுக்குக் கிட்ட?"

ஹெப்சி பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"அசல் மாடிப்படியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை ஆபரேஷன். பக்கத்துல போய் உக்காந்து கேளுங்க."