ஒச்சப்பன் மாட்டிக்கொண்ட மாட்டுப் பட்டை

குறுவம்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள், அவ்வளவுதான். மாட்டு டாக்டர் ஒன்று சொல்லிவிட்டால் அதைவிட்டு இம்மியும் நகரமாட்டார்கள்.

அந்த ஊர் ஒச்சப்பனிடம் சந்தனம் என்றொரு பசு இருந்தது. போன ஈற்றில், வீட்டில் எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அது கன்று போட்டது. கூட இருந்து கவனிக்க ஆளில்லாமல் கன்று செத்துப்போனது. ஒச்சப்பன் அழுத அழுகையில் கல்யாண வீட்டு மேளமே நின்றுவிட்டதாம். இப்போது சந்தனம் மறுபடியும் நிறைசினை. இந்தக் கன்றையாவது உயிரோடு பார்க்கவேண்டும், கிடேரியாக, பெண்கன்றாகவும் இருந்துவிட்டால் பொங்கல் வைக்கிறேன் என்று முனியாண்டி சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு கழுத்துப் பட்டையோடு வந்தார். "ஒச்சப்பா, இதுக்குள்ள ஒரு மிஷின் இருக்கு. மாடு படுத்தா, நடந்தா, அசைபோட்டா, வலி கண்டா, எல்லாத்தையும் உங்க போன் வாய்விட்டே சொல்லிரும். கன்னு போடுற வரைக்கும் பட்டையைக் கழட்டவே கூடாது. மாட்டுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காதீங்க. நீங்களா ஒண்ணு நினைச்சுக்காம, போன் சொல்றதை மட்டும் நம்புங்க." சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

பட்டையை மாட்டப்போனால் சந்தனம் தலையை ஆட்டியது.

"தொந்தரவா இருக்குன்னு சொல்லுது மாப்ளே," என்றான் ஒச்சப்பனின் மச்சான் விருமன்.

"மாட்டாம விட்டா டாக்டர் பேச்சை மீறுனதா ஆயிரும்," என்றான் பக்கத்து வீட்டுப் பெத்தணன்.

"மாட்டுனாலும் மீறுனதாத்தான் ஆகும்."

மூவரும் வைக்கோல்மேல் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒச்சப்பன்தான் வழி கண்டுபிடித்தான். "நான் எந்நேரமும் இவ கூடத்தானே கிடக்கேன்? இவ படுத்தா நானும் படுக்குறேன், இவ நின்னா நானும் நிக்குறேன். பட்டை என் கழுத்துல கிடந்துட்டுப் போகட்டும். வாயில்லாச் சீவன், அது பாரத்தை நான் சுமக்குறேன்."

பெத்தணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த தகப்பன்கூட இப்படிச் செய்யமாட்டாம்பா!"

போன் விருமன் கையில் இருந்தது. ஒச்சப்பன் தொழுவத்தில் சாய்ந்தபடி வெற்றிலை போட்டான். "மாடு அசைபோடுகிறது," என்றது போன். பார்த்தால் சந்தனமும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. டாக்டரின் படிப்பை நினைத்து மூவரும் மெய்சிலிர்த்துப் போனார்கள்.

வெற்றிலை பசியைக் கிளப்பிவிட்டது. "இந்தா வந்துர்றேன் தாயி," என்று சந்தனத்திடம் சொல்லிக்கொண்டு ஒச்சப்பன் டீக்கடைக்குப் போனான். சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு, அப்புறம் இன்னொரு தட்டு என்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது விருமனும் பெத்தணனும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள்.

"மாப்ளே, மோசம் போயிட்டோம்! மாடு தொழுவத்தை விட்டு வெளியே போயிருச்சுன்னு போன் சொல்லுது!"

"ஐயையோ, சந்தனம்!" ஒச்சப்பன் கையில் இருந்த பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

வாசலில் அவன் பெண்டாட்டி பேச்சியம்மா நின்றாள். "அட, எதுக்கு இந்த ஓட்டம்? மாடு இந்தா நிக்குதே!"

மூவரும் தொழுவத்தை எட்டிப் பார்த்தார்கள். சந்தனமும் அவர்களைப் பார்த்தது.

"நிக்குற மாதிரித்தான் தெரியுது," என்றான் பெத்தணன்.

"நீங்களா ஒண்ணு நினைச்சுக்காதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?" என்றான் விருமன்.

பேச்சியம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, நம்ம கண்ணை நம்பி என்னத்தைக் கண்டோம்," என்று கயிற்றை எடுத்துக்கொண்டு அவளும் மாட்டைத் தேடக் கிளம்பிவிட்டாள்.

ஒச்சப்பன் முன்னால் ஓடினான். விருமன் போனைக் காதில் வைத்தபடி பின்னால் ஓடினான்.

"மாடு கண்மாய்ப் பக்கமா ஓடுதாம் மாப்ளே!"

"அப்ப நான் சரியாத்தான் போறேன்!" ஒச்சப்பன் இன்னும் வேகமாக ஓடினான்.

"இப்ப அதைவிட வேகமா ஓடுதாம்!"

"ஓடட்டும், நான் விடுறதா இல்லை!"

கண்மாய்க் கரையை முழுக்கச் சுற்றியாயிற்று. வயிறு நிறைய பஜ்ஜியை வைத்துக்கொண்டு அப்படி ஓடினால் சும்மா விடுமா? ஒரு வேப்பமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து உருண்டான் ஒச்சப்பன்.

"மாடு படுத்துவிட்டது," என்றது போன். "கன்று ஈனும் வலி தொடங்கிவிட்டது."

ஒச்சப்பன் தன் வலியையும் மறந்து வாய்விட்டு அழுதான். "என் கூட நீங்க இத்தனை பேரு இருக்கீங்க. அவ எந்தக் காட்டுல ஒத்தையில கிடந்து துடிக்கிறாளோ! இந்தக் கன்னையும் பறிகொடுக்கப் போறேனே!"

அவனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அழுதபடி வீடு வந்து சேர்ந்தார்கள். தொழுவத்தில் சந்தனம் ஒரு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது.

"மாடு திரும்பி வந்துருச்சு!" என்று கத்தினான் பெத்தணன். "வரும்போதே கன்னையும் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கு பாருங்களேன், என்ன பொறுப்பு!"

ஒச்சப்பன் கன்றைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதான். இந்த அழுகை சந்தோஷத்தில். பேச்சியம்மா கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். "காளைக் கன்னு."

"எதுவா இருந்தா என்ன, உசுரோட இருக்கே." அப்படிச் சொன்னாலும் கிடேரி ஆசை அவன் மனசின் ஓரத்தில் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. "கன்னு போட்டாச்சு, பட்டையைக் கழட்டிரலாம்," என்று கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான். அப்போது பார்த்து வயிறு மறுபடியும் சுருட்டிப் பிடித்தது. அப்படியே வைக்கோலில் சாய்ந்தான்.

"வலி தொடர்கிறது," என்றது போன். "கன்று இன்னும் வெளிவரவில்லை. மாட்டின் அருகிலேயே இருக்கவும்."

மற்ற மூவரும் சந்தனத்தைப் பார்த்தார்கள். அது சாவகாசமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பிறகு மெல்லத் திரும்பி ஒச்சப்பனின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"ரெட்டைக் கன்னு," என்றான் விருமன் குரலைத் தாழ்த்தி.

பேச்சியம்மா வெந்நீர் போட ஓடினாள். பெத்தணன் இன்னும் கொஞ்சம் வைக்கோலை உதறி விரித்தான். விருமன் மாப்பிள்ளையின் தலையை மடியில் வைத்து, "பயப்படாதே, நாங்க இருக்கோம்," என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தான்.

ஒச்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"முனியாண்டி, இதையாவது கிடேரியாக் குடுத்துருப்பா!"