அத்திமரத்துச் சீதேவி

காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் அபராதம் என்று குடியிருப்பு வாசலில் பலகை வைத்த அன்று கோமதிநாயகம் கொதித்துப்போனார்.

ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போனபிறகு அந்த மலையடிவார வீட்டுக்கு அவரைத் தேடி வந்தது குரங்குக் கூட்டம் ஒன்றுதான். காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாடியில் நிற்பார். குட்டியைச் சுமந்து வரும் தாய்க்குச் சீதேவி என்று பெயரே வைத்திருந்தார்.

நேராகத் தன் குருவிடம் போனார். குரு தவமணி அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். பக்கத்திலேயே தியானக்கூடம் நடத்துபவர்.

"வாயில்லாச் சீவனுக்குப் போடாதேன்னு சட்டமா? இது எந்த ஊர் நியாயம் அம்மா?"

"வாங்க ஐயா, அதுங்களைப் பார்த்துட்டு வரலாம்."

அவர் வீட்டு மாடி ஏறினார்கள். மதில் முழுக்கக் குரங்குகள். அன்று கோமதிநாயகத்தின் கை வெறுங்கை. பெரிய கடுவன் குரங்கு ஒன்று வந்து அவர் வேட்டி மடிப்பைத் துழாவியது. சட்டைப்பையைக் கிழித்தது. ஒன்றும் கிடைக்காத கோபத்தில் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மதிலில் ஏறியது.

"ஏய், குடுடா!"

அது பல்லைக் காட்டியது. குருவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்குத் தினமும் இதே கூத்துதான் ஐயா. நேத்து என் மாமியார் கையைக் கடிச்சிருச்சு."



குரு கோமதிநாயகத்தை ஓடைக்கரைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு காட்டு அத்தி. அடிமரம் வரை பழம். விழுந்ததெல்லாம் கீழே அழுகிக் கிடந்தது.

"ஏன் யாரும் தின்ன வரல?" என்றார் குரு.

கோமதிநாயகம் திரும்பித் தன் மாடியைப் பார்த்தார். 

மறுநாள் கதவைத் திறக்கவில்லை. குரங்குகள் ஜன்னல் கம்பியை உலுக்கின. சீதேவி கம்பி வழியே கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் காதைப் பொத்திக்கொண்டார். சில நாள் இப்படியே போயிற்று.

ஒரு காலையில் மதில் வெறிச்சென்று கிடந்தது. பட்டினியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி ஓடைக்கரைக்கு ஓடினார்.

அத்திமரம் குலுங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் அதில்தான். உச்சிக்கிளையில் சீதேவி. அவள் வாயிலிருந்த பழத்தைக் குட்டி பிடுங்கிக்கொண்டிருந்தது.

"சீதேவி! அடியே சீதேவி!"

அவள் அடுத்த பழத்தைப் பறித்தாள்.

மூச்சிரைக்கக் குருவிடம் வந்து நின்றார். முகத்தில் இருப்பது அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"தொண்டை கிழியக் கூப்பிட்டேன் அம்மா. திரும்பிக்கூடப் பார்க்கல."

குரு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"வயிறு நிறைஞ்சிருக்கும், ஐயா."