தலைவருக்கு பில் போட்ட கதை

தாமிரபரணி ஓரத்தில் ஒரு கிளப் உண்டு. உறுப்பினர் தவிர ஈ, காக்கா உள்ளே நுழைய முடியாது. வேலைக்குச் சேர மட்டும் அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது போலிருக்கிறது. அதனால்தான் சுடலைமுத்து, இசக்கி, மாசானம் மூவரும் அங்கே இருந்தார்கள். முதல் இருவர் பரிமாறுகிறவர்கள், மாசானம் சமையல். மூவரும் தங்கமானவர்கள், சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். வினையே அதுதான்.

ஒரு நாள் கிளப்புக்குக் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி புது பில் மெஷின் வந்தது. வாசல், பார், நீச்சல் குளம் என்று எங்கே நின்று தட்டினாலும் சமையலறையில் சீட்டு வந்து விழும். அதை மாட்ட வந்த சென்னைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"மெம்பர் கார்டைத் தேய்ச்சு மெஷின்ல பதியாம எதையும் எடுக்காதீங்க. கேன்சல்னா, எடுத்த பொருளை எடுத்த இடத்துலயே வெச்சிடணும். அப்பத்தான் ஸ்டாக் இடிக்காம இருக்கும்."

கிளப் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி சும்மா இருந்திருக்கலாம். விரலை ஆட்டிக்கொண்டு, "மீறினா வேல போயிரும், பாத்துக்கிடுங்க!" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

அன்று சாயங்காலமே ஒரு டாக்டர், வாசலில் வைத்த தன் குடையைக் கேட்டார். மெஷினில் குடை இல்லை. நீளமான சாமான்தானே என்று இசக்கி முருங்கைக்காய் சூப்பைத் தட்டினான். டாக்டருக்குக் குடையும் கிடைத்தது, பின்னாலேயே சூப்பும் வந்தது. வெளியே நல்ல மழை என்பதால் அவரும் சண்டை போடாமல் குடித்துவிட்டுப் போனார். தொழில் பிடிபட்டுவிட்டது என்று இவர்களுக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை, குளத்தோரம் போன் பேசிக்கொண்டே நடந்த அண்ணாச்சி வழுக்கி ஆழமான பக்கம் விழுந்தார். குளத்தைக் கட்டியவரே அவர்தான், ஆனால் நீச்சல் தெரியாது. ஒரு கையால் சுவரோரக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, தூக்குங்கல!" என்று அலறினார்.

பரிமாறுகிற இருவரும் மெஷினும் கையுமாக ஓடி வந்தார்கள். சுடலைமுத்து நீட்டிய கையை இசக்கி தட்டிவிட்டான்.

"பதியாம எடுக்கப் போறியே, உனக்கு வேல வேண்டாமால?"

"ஆமால்லா! அண்ணாச்சி, கார்டு எங்க?" என்றான் சுடலைமுத்து.

"என் உயிரு போவுதுல!"

"உயிரு இருக்கட்டும் அண்ணாச்சி, கார்டு?"

அண்ணாச்சி இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொல்லி, பையிலிருந்து கார்டை எடுத்து வீசினார். இசக்கி அதைச் சட்டையில் துடைத்து மெஷினில் தேய்த்தான். மெஷின் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் தலைவர் என்று ஒரு பதார்த்தமும் இல்லை.

"பானத்துல போடுவமா? தண்ணிக்குள்ளதான கெடக்காரு" என்றான் சுடலைமுத்து.

"தண்ணிதாம்ல பானம். இவரு அதுல மிதக்காரு."

"அப்ப ஐஸ்கட்டியோ?"

"ஐஸ்கட்டி இப்படிச் சத்தம் போடாது. தண்ணிக்குள்ள இருந்து எடுக்கது மீனு."

"என்ன மீனு?"

இசக்கி எட்டிப் பார்த்தான். "மீசை இருக்கு. கெளுத்தி."

அண்ணாச்சியின் பிடி நழுவிக்கொண்டே வந்தது. "எதையாவது போட்டுத் தொலைங்கல!" என்று தண்ணீரோடு சேர்த்துத் துப்பினார்.

கெளுத்தி வறுவல், முழுசு, ஒன்று. மெஷின் சிணுங்கியது. அடுத்த நொடி இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஒரே இழுப்பில் அவரைக் கரையில் போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, பதிந்துவிட்டால் அவர்கள் வேலை சுறுசுறுப்புதான். அண்ணாச்சி மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்.

அப்போது சமையலறையிலிருந்து மாசானம் வந்தான். ஒரு கையில் சீட்டு, மறு கையில் ஒரு கிண்ணம் மிளகாய் மசாலா.

"கெளுத்தி எங்கல?"

இருவரும் கையைக் காட்டினார்கள். மாசானம் சீட்டைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான்.

"சட்டில கொள்ளாதே" என்று கவலைப்பட்டான். ஆனாலும் சீட்டு சீட்டுதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது காலிலிருந்து தடவ ஆரம்பித்தான்.

விழும்போது சிராய்த்த முழங்காலை மசாலா எட்டியதும் அண்ணாச்சி துள்ளிவிட்டார்.

"கேன்சல்! கேன்சல் பண்ணுங்கல!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரே சொன்ன பிறகு என்ன செய்வது? இசக்கி மெஷினில் கேன்சலை அழுத்தினான். சுடலைமுத்து தலைப்பக்கம், மாசானம் கால்பக்கம். மரியாதையாகத் தூக்கினார்கள். தொபுக்கடீர்!

அண்ணாச்சி முங்கித் திணறி, மறுபடி அதே குழாயைப் பிடித்தார்.

இசக்கி குளத்தோரம் குனிந்து, பணிவாகக் கேட்டான்:

"அண்ணாச்சி, எடுத்த எடம் இதுதானா? ஒரு முழம் தள்ளி இருந்தியளோ?"